கதவுக்கு உள்ளே ஒரு வாய்த் தண்ணீர்

பெங்களூரை அடுத்த சந்தாபுராவில் ஓசூர் ரோட்டை ஒட்டியிருக்கும் அந்த ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், டாக்டர் சஹானாவை அலைக்கழித்தது ரத்தமும் இல்லை, கூச்சலும் இல்லை. ஒரு கேள்வி. நின்றுபோன இதயத்தைத் திரும்ப ஓடவைக்க மல்லுக்கட்டித் தோற்றுப்போய், கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வருவாள். மூடிய கதவுக்கு முன்னால் நிற்கும் குடும்பத்திடம் விஷயத்தைச் சொல்வாள். அழுது ஓய்ந்ததும் அவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "கடைசியா ஏதாவது சொன்னாரா டாக்டர்?"

என்ன சொல்லியிருக்க முடியும்? நினைவே இல்லாமல் வந்தவர். சில டாக்டர்கள் "உங்க பேரைச் சொன்னார்" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். சஹானாவுக்குப் பொய் வராது, உண்மையைச் சொல்லவும் மனம் வராது. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவாள், அந்தக் கேள்வி அவளோடு வீடுவரை வரும்.

இந்தக் கேள்வியிலிருந்துதான் அவளுடைய ஆராய்ச்சி பிறந்தது. உயிருக்குப் போராடுகிறவரின் பக்கத்தில் சொந்தக்காரர் ஒருவரை நிற்கவிட்டால் என்ன? வெளிநாடுகளில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் செக்யூரிட்டிக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே கூட வந்தவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவதுதான். அதனால் சஹானாவின் திட்டம் இப்படி இருந்தது: ஒரு வாரம் கதவு வழக்கம்போல மூடியிருக்கும், அடுத்த வாரம் ஒருவர் உள்ளே நிற்கலாம். அவருக்கு நடப்பதை விளக்கிச் சொல்லவே ஒரு நர்ஸ் கூட இருப்பார். சில மாதம் கழித்து இரண்டு வகைக் குடும்பங்களுக்கும் போன் செய்து, தூக்கம் வருகிறதா, அந்தக் காட்சி கண்ணுக்குள் வந்து படுத்துகிறதா என்று விசாரிக்க வேண்டும்.

கேட்பதற்கு எவ்வளவு எளிது! அனுமதி வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. நோயாளிகளை வைத்துச் செய்யும் எந்த ஆராய்ச்சியானாலும் எதிக்ஸ் கமிட்டி தலையசைக்க வேண்டும். அதன் தலைவர் டாக்டர் சுந்தரராமன், பெரிய சர்ஜன். அவர் "பார்க்கலாம்" என்றால் நடக்காது என்று அர்த்தம். "நடக்காது" என்றால் சத்தியமாக நடக்காது. அவரையே கரைத்துவிட்டாள் என்றால் சஹானா எத்தனை முறை அந்த அறை வாசலில் போய் நின்றிருப்பாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மல்லேஸ்வரத்தில் அவள் அம்மா ரமாவுக்கு இதெல்லாம் பிடிபடவே இல்லை. "ஊர்ல ஒவ்வொருத்தி புது மருந்து கண்டுபிடிக்கறா. எங்காத்துப் பொண்ணு கதவைத் திறக்கலாமா, சாத்தலாமான்னு ஆராய்ச்சி பண்ணிண்டிருக்கா" என்று போனில் அக்கா தங்கைகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஆராய்ச்சி பாதி தாண்டியபோதுதான் கோவிந்தன் வந்தார்.

கார்மெண்ட் கம்பெனிக்கு பஸ் ஓட்டுகிறவர். அல்சூர் பக்கம் பிறந்து வளர்ந்து, அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் சந்தாபுராவுக்குக் குடிவந்த குடும்பம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரை மனைவி சின்னத்தாயி ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தாள். வாசலிலேயே இதயம் நின்றுவிட்டது. அது கதவு திறந்திருக்கும் வாரம். சின்னத்தாயி உள்ளே வந்தாள். நர்ஸ் ரெமிஜியஸ் அவள் பக்கத்தில் நின்று, "இப்ப நெஞ்ச அமுக்குறாங்கம்மா, இப்ப கரண்ட் ஷாக் குடுக்கப் போறாங்க" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இரண்டு ஷாக்குக்கும் இதயம் மசியவில்லை. சின்னத்தாயி கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடி இறுகியிருந்தது, திறக்கவில்லை. பாவம், தொண்டை வறண்டிருக்கும் என்று ரெமிஜியஸே வாங்கித் திறந்து கொடுத்தான். மூன்றாவது ஷாக்குக்காக எல்லாரும் கட்டிலைவிட்டு விலகி, இதயம் துடிக்கத் தொடங்கி, "வந்துருச்சு!" என்று யாரோ கத்திய அந்த நொடியில், சின்னத்தாயி முன்னால் பாய்ந்து புருஷனின் திறந்த வாயில் தண்ணீரை ஊற்றிவிட்டாள்.

உயிர் போகிறவருக்குக் கடைசியாக வாய் நனைப்பது. அவள் செய்தது அதைத்தான். உயிர் திரும்பி வந்தவருக்குச் செய்துவிட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தும் நிமோனியாக் காய்ச்சல் பிடித்து, கோவிந்தன் ஐசியூவில் மூச்சு மெஷினோடு கிடந்தார். ஐசியூவிலிருந்து கமிட்டிக்குப் புகார் போனது. சுந்தரராமன் அன்றைக்கே ஆராய்ச்சியை நிறுத்திவைத்தார்.

"இதுக்குத்தான் சஹானா, கதவை நாங்க சாத்தி வெச்சிருந்தோம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. பாதியில் நிற்கும் ஆராய்ச்சிக்கு மதிப்பே இல்லை. இனி வேறு யாரும் இந்த ஊரில் அந்தக் கதவைத் தொடக்கூட மாட்டார்கள். எல்லாம் போயிற்று என்றுதான் அவள் நினைத்தாள்.

கோவிந்தன் வார்டுக்கு வந்ததும் சஹானா போய்ப் பார்த்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "உள்ள விட்டது நான். முன்னாடியே சொல்லி வெச்சிருக்கணும். மன்னிச்சுக்கோங்க."

சின்னத்தாயி முகம் வெளுத்துவிட்டது. "நானே இவர சாவடிக்கப் பாத்தனா?"

"ஏம்மா ஊத்தினீங்க?"

"எங்கப்பா ஆஸ்பத்திரியிலதான் போனாரு டாக்டரம்மா. கதவ சாத்திட்டாங்க. தொறந்தப்போ ஒதடு காஞ்சு வெடிச்சிக் கெடந்துச்சு. ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கல நானு. இவரும் அப்டிப் போயிடக் கூடாதுன்னு..."

படுக்கையிலிருந்து கோவிந்தன் கரகரத்த குரலில் சொன்னார்: "சும்னே அழாத. பொண்டாட்டி கையால கடைசித் தண்ணி வாங்கினு எந்திரிச்சி வந்தவன் இந்த பெங்களூர்ல நான் ஒருத்தன்தான். அந்தப் பெருமைய கெடுக்காத."

சஹானா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கி, கமிட்டிக்கு வந்து இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் என்றும் சொன்னாள்.

இருவரும் வந்தார்கள். நீள மேஜைக்கு முன்னால் சின்னத்தாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். சுந்தரராமன் மெதுவாகத்தான் கேட்டார்: "உங்களை உள்ள விட்டது தப்புன்னு தோணுதாம்மா?"

"என்னிய உள்ள வுட்டது தப்பில்ல சார். ஊத்தக் கூடாதுன்னு யாரும் சொல்லல. எப்ப ஊத்தலாம்னும் யாரும் சொல்லல. சொல்லியிருந்தா காத்துனு இருந்திருப்பேன்."

சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். பிறகு சஹானாவின் பக்கம் திரும்பினார். "உள்ள வர்றவங்க கிட்ட வாசல்லயே ரெமிஜியஸ் ஒண்ணு சொல்லட்டும். தமிழ்ல, கன்னடத்துல, எது அவங்க பாஷையோ அதுல. கையைப் பிடிச்சுக்கலாம், பேசலாம், வாயில மட்டும் எதுவும் ஊத்தக் கூடாது." அவரே சேர்த்துச் சொன்னார்: "ஊத்தற நேரம் வந்தா நாங்களே கூப்பிட்டுச் சொல்லுவோம். இதையும் சொல்லணும். ஆராய்ச்சி நடக்கட்டும்."

எத்தனையோ முறை மனசுக்குள் திட்டித் தீர்த்த மனிதர். அன்றைக்கு அவர் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது சஹானாவுக்கு.

ஆராய்ச்சி முடிந்தது. உள்ளே நின்றவர்கள் கொஞ்சம் நன்றாகத் தூங்கினார்கள், கொஞ்சம் குறைவாகத் தங்களை நொந்துகொண்டார்கள். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஆனால் கட்டுரை வெளிவந்த பிறகு ஆஸ்பத்திரியில் அந்தக் கதவை எந்த வாரமும் சாத்தவில்லை. வேறு ஊர் எமர்ஜென்சிகளிலிருந்து வாசலில் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். ரமா இப்போது தங்கைகளிடம், "நம்ம சஹானாவோட கதவு" என்று தன் நகையைப் போலச் சொல்லிக்கொள்கிறாள். கோவிந்தன் பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். இதயம் பலவீனம்தான், வாய் மட்டும் பழையபடி. செக்கப்புக்கு வரும்போதெல்லாம் எமர்ஜென்சி வாசலில் எட்டிப் பார்த்து, "தண்ணி கேஸு வந்திருக்கேன்னு சொல்லுப்பா" என்று ரெமிஜியஸிடம் வம்பிழுப்பார். அவரைப் பார்த்த நாள் சஹானாவுக்கு நல்ல நாளாகவே போகும்.

போன தை மாதம், காலையில், ஆட்டோவில் அவரை மறுபடி கொண்டுவந்தார்கள். இதயம் நின்றிருந்தது.

வாசலில் ரெமிஜியஸ் வழக்கமான வார்த்தைகளைத் தொடங்கினான். "தெரியும்பா, நீங்க சொல்றப்போதான்" என்றாள் சின்னத்தாயி. உள்ளே வந்து புருஷனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சஹானா தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தாள். ஷாக், மருந்து, மறுபடி ஷாக். முன்பு திரும்பி வந்தவர்தானே என்று, நிறுத்த வேண்டிய நேரம் தாண்டியும் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் கையை எடுத்தாள்.

இந்த வார்த்தையை எத்தனையோ குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறாள். இவளிடம் சொல்லுமுன் அவள் தோளைத் தொட்டாள். "அம்மா... இப்போ."

ரெமிஜியஸ் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்தான். சின்னத்தாயி உள்ளங்கையில் தண்ணீரை வாங்கி, சிந்தாமல், அவசரமில்லாமல் அவர் உதட்டை நனைத்தாள். முந்தானையால் ஓரத்தைத் துடைத்துவிட்டாள். குனிந்து காதில் என்னவோ சொன்னாள். அதுவரை அந்த அறையில் யாரும் எதையும் நகர்த்தவில்லை.

பிறகு நிமிர்ந்து சஹானாவைப் பார்த்தாள். பழைய பழக்கத்தில் சஹானாவின் மனசு அந்தக் கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கேள்வி வரவில்லை. சின்னத்தாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆட்டோவுல வர்றப்போ நான் அழுதுனே இருந்தேம்மா. அப்ப சொன்னாரு, 'பயப்படாத, உன்னிய உள்ள வுடுவாங்க'ன்னு. அதான் அவரு கடைசியா சொன்னது. உனுக்குத் தெரியணும்ல."

சஹானா அந்தக் கையை விடவே இல்லை. இருவரும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள். கதவு திறந்தே இருந்தது.