வாளிக் கிடங்கும் பதினொரு செடியும்

உலகத்தில் வேறெங்கும் முளைக்காத அந்தச் செடியின் விலை தலைக்கு நாலாயிரத்து எழுநூறு. வேரோடு பெயர்த்து, வேறு இடத்தில் நட்டு, பிழைக்க வைப்பதற்கு மனைக்காரர் கட்ட வேண்டும் என்று அரசாங்கம் விதித்திருந்த தொகை அது. வாளிக்காரர் கிடங்கு கட்டுவதற்காக வாங்கிப் போட்டிருந்த மனையில் அப்படிப் பதினொன்று நின்றன.

"நாலாயிரத்து எழுநூறா! மேடம், அந்தக் காசுக்கு நான் மூடியோட அறுபது வாளி தர்றேன். உங்க செடிக்கு மூடிகூடக் கிடையாது."

செடி அதிகாரி சிரிக்கவில்லை. சிவப்பும் நீலமுமாகக் கூரையைத் தொட்டு நின்ற வாளிக் கோபுரங்களுக்கு நடுவே, கடையில் மிச்சமிருந்த ஒரே முக்காலியில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சரி, பத்துன்னு போடுங்க. ஒண்ணு வாடிப் போச்சுன்னு வைங்க."

"எண்ணிக்கை எண்ணிக்கைதான் சார். மழை முடிஞ்சதும் கடைசியா ஒரு தடவை எண்ண வருவேன். நூறுக்குள்ள இருந்தா பெயர்த்து எடுத்துட்டு நீங்க கட்டிக்கலாம். நூறைத் தாண்டினா பெயர்க்க அனுமதி இல்ல, நின்ன இடம் அதுக்குத்தான். அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. அழிச்சா ஒரு செடிக்கு மூணு மடங்கு அபராதம்."

வாளிக்காரருக்குத் தெரிந்த கடைசி அஸ்திரம் ஒன்று இருந்தது. விலை படியவில்லையென்றால் எழுந்து நடப்பது. பத்தடி போவதற்குள் எதிராளி கூப்பிட்டே தீருவான். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட இது பொய்த்ததில்லை. சட்டென்று எழுந்தார், "நமக்குக் கட்டாது" என்றார், விறுவிறுவென்று நடந்தார். தெருவுக்கு வந்து நின்ற பிறகுதான், வெளிநடப்பு செய்தது தன் சொந்தக் கடையிலிருந்து என்பது உறைத்தது. அதிகாரி தண்ணீர் குடித்து முடித்து, தாள்களை அடுக்கி, "வர்றேன் சார்" என்று அவரைத் தாண்டிப் போய்விட்டார். கல்லாவில் இருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. பழைய கிடங்கின் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். சரக்கில் பாதி ஏற்கெனவே வீட்டுக்கு வந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் வாளி, பீரோவுக்கு மேல் வாளி. குளியலறையில் வாளி இருப்பது நியாயம்தான். ஆனால் நானூறு வாளி இருந்தால் ஆள் எங்கே நின்று குளிப்பது?

"என்னங்க, அடுத்த வருஷ மழைக்குள்ள குடோன் எழும்பணும். இல்லைன்னா வாளியும் நீங்களும் இந்த வீட்டுல இருங்க, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை அப்படிப் போய் ஒன்பது நாள் கழித்து வந்தாள். அந்த ஒன்பது நாளில் கடையில் யார் எவ்வளவு கடன் வைத்தார்கள் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

வாளிக்காரர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். தம்பி கட்டட ஒப்பந்தக்காரன். வருடாவருடம் வரிக்காரர்கள் சரக்குக் கணக்கெடுக்க வருவதற்கு முந்தின நாள் வாளிக்காரரின் பாதிச் சரக்கு ஓசைப்படாமல் இவன் வீட்டுக்குப் போய்விட்டு, மறுநாள் சாயங்காலம் திரும்பி வரும். அந்த ஏற்பாட்டில் இருவருக்கும் நல்ல பழக்கம்.

"மாப்ள, எண்ண வர்றப்போ உருப்படி இருந்தாத்தானே எண்ண முடியும்?"

"அபராதம் இருக்குன்னு அக்கா சொன்னாளே, மாமா."

"யாரு அழிச்சா? மழை அழிச்சிருக்கும். ஆடு மேஞ்சிருக்கும். விரல் நீளச் செடி, செத்துப்போக ஆயிரம் காரணம் இருக்கு. நாம மண் பரிசோதனைக்குத்தான் தோண்டுறோம்."

பொக்லைன் வந்தது. பதினோரு செடிக்கு அரை மணி போதும். ஆனால் ஓட்டுநர் வந்தால் நாள் வாடகை. கொடுத்த காசுக்கு வேலை வாங்காமல் அனுப்ப வாளிக்காரருக்கு மனம் வரவில்லை. "அப்படியே அந்த மூலை வரைக்கும் ஒரு கீறு கீறிடுப்பா" என்றார். ஓட்டுநர் மனையின் பின்பக்கம் முழுவதையும் தோசைபோல் புரட்டிப் போட்டான். முன்பக்கத்தில் ஆளுயரத்துக்குப் பள்ளம் எடுத்து, அடியிலிருந்த களிமண்ணை அங்கேயே பரப்பினான். வாளிக்காரர் அன்றைக்கு, இருபக்கமும் வாளி அடுக்கிய கட்டிலில், திரும்பிப் படுக்க இடமில்லாமலேயே, நிம்மதியாகத் தூங்கினார்.

மழை பெய்தது. நின்றது. அதிகாரி கயிறும் முளைக்குச்சியுமாக வந்து இறங்கினார். வாளிக்காரர் முகத்தைத் துக்க வீட்டுக்குப் போகிறவர்போல் வைத்துக்கொண்டார். "ஐயோ, ஆடு" என்று சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தார்.

மனை பச்சைப் பசேலென்று இருந்தது.

அதிகாரி அப்படியே மண்டியிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். மூக்குத்திக் கல் அளவு வெள்ளைப் பூ, அதன் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பின்னால் விரித்த பாய்போல் இன்னும் எத்தனையோ.

"சார்," என்று நிமிர்ந்து பார்த்தார். "இதோட விதை மண்ணுக்குள்ள முப்பது வருஷம்கூடத் தூங்கும். மேல்மண்ணைப் புரட்டி வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும். நாங்களும் எட்டு வருஷமா மேலிடத்துல இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. யாரு சார் இந்தப் புண்ணியத்தைப் பண்ணினது?"

வாளிக்காரரை முப்பது வருடத்தில் எந்த அரசாங்க அதிகாரியும் இப்படிக் கண் கலங்கப் பார்த்ததில்லை. ஆட்டை மறந்தார். அபராதத்தை மறந்தார். எதிரில் ஒருவர் சரக்கைப் பார்த்து மயங்கி நிற்கும்போது 'அது என்னுடையதில்லை' என்று சொல்லும் வியாபாரி எங்கே இருக்கிறான்?

"நான்தான் மேடம்! என் சொந்தச் செலவு. பொக்லைன் ஒரு நாள் முழு வாடகை. முன்னால நின்னு நானே பார்த்துப் பார்த்துத் தோண்ட வெச்சேன்."

"எந்தத் தேதியில?"

தேதியும் சொன்னார். ரசீதும் காட்டினார்.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். "ஆக, முதல்ல இருந்த பதினொண்ணு?"

வாளிக்காரர் வாயை மூடினார். மூடுவதற்கு அது சற்றுத் தாமதமான வேளை.

அக்காவுக்குத் தம்பி போன் போட்டான். அவள் கடையைச் சாத்திவிட்டு வந்து சேர்ந்தபோது கயிறு கட்டி எண்ணி முடிந்திருந்தது. ஆயிரத்து முந்நூற்று நாற்பது செடி. அபராதம் ஒரு லட்சத்து ஐம்பத்தையாயிரத்து நூறு. அவள் கணவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச வேண்டியிருக்கும்; அதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

"மேடம், ஒரே ஒரு சந்தேகம்," என்றாள் அதிகாரியிடம். "இந்த முன்பக்கம் ஏன் மொட்டையா இருக்கு?"

"ஆழத்து மண்ணைக் கொண்டு வந்து மேல கொட்டியிருக்காங்க. அதுல விதை இல்ல. அங்க ஒண்ணும் முளைக்காது."

"அப்போ அங்க நாங்க கட்டலாமா?"

அதிகாரி வரைபடத்தை விரித்தார். அளந்து பார்த்தார். "அது உங்க இஷ்டம். ஆனா மனையில மூணுல ஒரு பங்குதாம்மா தேறும்."

"மூணுல ஒண்ணா!" வாளிக்காரர் அலறினார். "அதுல எங்கிருந்து முப்பதாயிரம் வாளி?"

"முப்பது வருஷமா வாளி விக்கிறீங்க," என்றாள் மனைவி. "ஒண்ணுக்குள்ள ஒண்ணு உட்காருற சாமானுக்கு எதுக்குங்க அகலம்? உயரம் போதாதா? டேய், ரெண்டு மடங்கு உயரத்துல எழுப்ப முடியுமா?"

"முடியும்க்கா," என்றான் தம்பி. மாமாவைப் பார்க்காமலே சொன்னான்.

"இப்போ இந்தச் செடிங்க. அடுத்த வருஷம் யாரும் தோண்டலைன்னா?"

"குறையும். மூணு வருஷத்துல மண்ணுக்குள்ள போயிடும்." அதிகாரி பெருமூச்சு விட்டார். "எங்க இலாகாவுல வண்டி கிடையாதும்மா. மண்வெட்டிக்கே ரெண்டு கையெழுத்து வேணும்."

"அபராதத்தைக் குறைக்கச் சொல்லி நான் கேக்கல மேடம். வேலை செஞ்சு கழிக்கலாமா?"

அதிகாரி கோப்பின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். விதி இருந்தது. இருக்கிறது என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. இதுவரை யாரும் கேட்டதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை பின்பக்கத்து மேல்மண்ணைக் கிளறினால், ஒரு செடியின் அபராதம் கழியும்.

"பதினோரு வருஷமா!" என்றார் வாளிக்காரர்.

"உங்களை யாரு பதினொண்ணையும் பிடுங்கச் சொன்னா?" என்றாள் மனைவி.

அவருக்கு ஒரு வெளிச்சம் தோன்றியது. முகம் மலர, அதிகாரியின் பக்கம் சாய்ந்தார். "மேடம், இந்த வருஷக் கிளறலைத்தான் ஏற்கெனவே முடிச்சாச்சே. ஒண்ணைக் கழிச்சுப் பத்துன்னு போடுங்க."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். கண்ணெதிரே ஆயிரத்து முந்நூற்று நாற்பது பூவும் ஆடிக்கொண்டிருந்தன. பேனா முனை பத்து என்று எழுதத் தாழ்ந்ததைக்கூட வாளிக்காரர் கண்ணால் பார்த்தார்.

"இல்ல சார். குற்றம்னு எழுதின தோண்டலையே வேலைன்னும் எழுத முடியாது."

தாளை மனைவியிடம் நீட்டினார். அவள் உரக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

நிற்கும் செடி: ஆயிரத்து முந்நூற்று நாற்பது. கிடங்குக்கு விட்டது: மூன்றில் ஒரு பங்கு. செடிக்கு விட்டது: மூன்றில் இரண்டு. அழித்தது: பதினொன்று. இதுவரை கழிந்தது: இல்லை. பாக்கி: பதினொன்று.