டிப்பர் ராசாத்திக்கு இரண்டு முடிவு

அமல்ராஜுக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. புதுக்கோட்டை வாசகர் வட்டத்தில் நாலு வருஷமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவனை, இந்த ஞாயிற்றுக்கிழமை மேடையேறிப் பேசச் சொல்லியிருந்தார்கள். அதுவும் பேச வேண்டிய நாவலை எழுதிய சொர்ணவல்லியே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது! ஆவூர் சர்ச்சில் பூசை முடிந்ததும் முடியாததுமாக ஓடிவந்து பஸ் ஏறிவிட்டான். கூட்டம் என்னவோ சாயங்காலம் நாலு மணிக்குத்தான்.

பிறவியிலேயே பார்வை இல்லாதவன் அமல்ராஜ். அரசாங்க அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். புத்தகத்தைப் போன் வாசிக்கும், இவன் கேட்பான். அப்படிக் கேட்டே முந்நூறு நாவலை முடித்திருக்கிறான். கண்ணிருக்கும் நம்மில் எத்தனை பேர் முப்பதைத் தாண்டியிருப்போம் என்று தெரியவில்லை.

சொர்ணவல்லியின் 'டிப்பர் ராசாத்தி' மின்னூலாக மட்டும் வந்திருந்தது. கல்குவாரியில் டிப்பர் லாரி ஓட்டும் பெண்ணின் கதை. வெளிவந்த அன்றைக்கே வாங்கி, ஆசை ஆசையாகப் போனைத் தட்டினான். "பக்கம் ஒன்று" என்றது போன். அப்புறம் பேச்சு மூச்சில்லை. விரலால் தள்ளினான். "பக்கம் இரண்டு." முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கும் இதே கதைதான். யாரும் நகலெடுத்துவிடக் கூடாது என்று கம்பெனிக்காரன் போட்ட பூட்டு, எழுத்து மொத்தத்தையும் வெறும் படமாக்கி வைத்திருந்தது. படத்தைப் போன் எப்படி வாசிக்கும்? கம்பெனிக்கு இரண்டு மெயில் போட்டான். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று இரண்டு முறையும் பதில் வந்தது. அந்த நன்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கூட வேலை பார்க்கும் சரவணக்குமார்தான் வழி சொன்னான்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்க? ஒரு குரூப்புல கெடக்குடா. காப்பி எடுக்க முடியலன்னு எவனோ பாத்துப் பாத்து முழுசா டைப் அடிச்சுப் போட்டுருக்கான். இந்தா, ஒனக்கு அனுப்பிட்டேன்."

"திருட்டுக் காப்பிடா அது."

"நீ காசு குடுத்து வாங்குனியா இல்லையா?"

"வாங்குனேன்."

"அப்பறம் யாருகிட்டத் திருடுன?"

அமல்ராஜுக்கும் அது சரியாகத்தான் பட்டது. இருந்தும் இரண்டு நாள் அதைத் தொடாமல் வீம்பாக இருந்தான். மூன்றாம் நாள் வீம்பு கரைந்தது. ஒரே ராத்திரியில் கேட்டு முடித்துவிட்டு, அந்த முடிவு தந்த சந்தோஷத்தில் தூக்கமே வராமல் கிடந்தான்.

கீழ ராஜ வீதியின் மாடி ஹாலில் அறுபது பேர் கூடியிருந்தார்கள். அந்த வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச வருகிறவர் முதலில் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, 'இது எங்காசுல வாங்குனது' என்று சொல்ல வேண்டும். இரவல் புத்தகத்துக்கு அங்கே மேடை கிடையாது. அமல்ராஜ் போனைத் தூக்கிப் பிடித்துக் கம்பீரமாகச் சொன்னான். பொய்யும் இல்லையே! கைதட்டல் விழுந்தது. அந்த ஜோரில் பேச்சைப் பிடித்தான் பாருங்கள், குவாரித் தூசியும் டீசல் வாசமும் ஹாலுக்குள்ளேயே வந்துவிட்டன.

"எல்லாத்தையும் விட அந்தக் கடைசிக் கட்டம்! வண்டிச் சாவியக் குடுன்னு அண்ணன்காரன் வாசல்ல நிக்கிறான். நம்ம ராசாத்தி நேரா அவன் மூஞ்சிக்கு முன்னாடி டிப்பரக் கொண்டாந்து நிறுத்தி, மூணு ஹாரன் அடிச்சுட்டு, சாவியும் குடுக்காம திருச்சி ரோட்டுல ஏறிப் போறா. எனக்கு எந்திரிச்சு ஆடணும் போல இருந்துச்சு!"

எதிரில் நாற்காலி ஒன்று நகர்ந்தது.

"தம்பி, அத நான் எழுதலையே" என்றார் சொர்ணவல்லி.

அமல்ராஜுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. டைப் அடித்த புண்ணியவான் கடைசி அத்தியாயம் பிடிக்காமல், தன் இஷ்டத்துக்கு ஒன்றை எழுதிச் சேர்த்திருக்கிறான்! 'எங்காசுல வாங்குனது' என்று தூக்கிக் காட்டிய கை இன்னும் கீழே இறங்கக்கூட இல்லை. இனி இந்த ஹாலில் தன்னை யார் மதிப்பார்கள்?

"திருட்டுக் காப்பியா படிச்சீங்க?" என்று கேட்டார் சொர்ணவல்லி. அவர் குவாரி எடைமேடையில் பதினெட்டு வருஷமாக பில் போடுகிறவர். "அஞ்சு வருசமா எழுதுனேன் தம்பி. வாங்குனது எழுவது பேரு. அந்தக் குரூப்புல எறக்குனது நாலாயிரம் பேரு. அதுலயும் எம் முடிவையே மாத்திப்புட்டான். பூட்டு வேணாம்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

அது நியாயம்தான். அமல்ராஜ் அதை மறுக்கவில்லை. வாங்கிய புத்தகத்தைத் திறந்து போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தான்.

"பக்கம் ஒன்று... பக்கம் இரண்டு... பக்கம் மூன்று..."

"இதுதாங்க்கா நான் வாங்குனது. பூட்ட ஒடச்சவன் உள்ள போயி, கதையவே மாத்திட்டும் வந்துட்டான். காசு குடுத்தவன் நான்தான் வாசல்லயே நிக்கிறேன்."

சொர்ணவல்லி மேடைக்கு வந்து போனை வாங்கித் தானே தள்ளித் தள்ளிப் பார்த்தார். அஞ்சு வருஷத்து உழைப்பு வெறும் நம்பராக ஒலித்துக்கொண்டிருந்தது. பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"எம்புட்டு நாளா இப்படி?"

"பதினேழு நாளா."

"நாளைக்கே கம்பெனிக்காரன்கிட்டப் பேசுறேன். பூட்டுப் போடுறதுன்னா ஒங்களுக்குத் தொறக்குற மாதிரிப் போடட்டும். இல்லாட்டி எம் புத்தகத்துக்குப் பூட்டே வேணாம். இப்ப இங்கிட்டு ஒக்காருங்க. கடைசி அத்தியாயத்த நானே படிக்கிறேன்."

படித்தார். நாலே பக்கம். ராசாத்தி சாவியை அண்ணன் கையில் வைத்துவிட்டு நடக்கிறாள். பின்னாலேயே அவன் ஓட்டி வந்த டிப்பர் அவள்மேல் தூசியை வாரிப் போட்டுவிட்டுப் போகிறது. ஹாலில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"அமல்ராஜ், இப்ப சொல்லுப்பா" என்றார் வட்டத்தின் தலைவர் அடைக்கலம்.

இரண்டு வார்த்தை புகழ்ந்துவிட்டு இறங்கினால் போன மரியாதை திரும்பி வந்துவிடும். அது அமல்ராஜுக்குத் தெரியாமல் இல்லை. மைக்கை இறுகப் பிடித்தான்.

"கோச்சுக்காதீங்கக்கா. ஒங்க முடிவு எனக்குப் புடிக்கல. இம்புட்டு தைரியக்காரி அப்படிச் சாவியக் குடுப்பாளா? ஆனா ஒண்ணு. காசு குடுத்த இந்தப் புத்தகத்தப் புடிக்கலன்னு சொல்ல எனக்கு இன்னைக்குத்தான் குடுத்து வச்சுருக்கு!"

சொர்ணவல்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரிலேயே போட்டுக்கொண்டார்.

"ஏன் குடுக்க மாட்டா? சொல்லுங்க, கேப்போம்."

அமல்ராஜுக்கு ஒதுக்கியது பத்து நிமிஷம். இருவரும் முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள்.