நாற்பத்தோரு ஒடுக்கும் ஓர் அலுமினியப் படகும்

எங்கள் ஊரில் ஒடுக்கு அழிவதில்லை. தட்டி எடுத்தால் இடம் மாறும், அவ்வளவுதான். குடத்தில் இருந்தது அண்டாவுக்குப் போகும், அண்டாவில் இருந்தது பக்கத்து வீட்டு ஸ்கூட்டருக்குப் போகும். அளவு குறையாது, கூடவும் கூடாது. சுத்தியலின் கடைசி அடி விழும்போது யார் தன்னிடம் இருக்கும் சாமான்மேல் கை வைத்து "வரட்டும்" என்று சொல்கிறாரோ, அவரிடம் போய்ச் சேரும். யாருமே சொல்லாவிட்டால், தட்டியவர் வீட்டில் இருப்பதிலேயே பெரிய சாமானில் ஏறிக்கொள்ளும். அதனால் ஒடுக்கு எடுக்க நினைப்பவர்கள் முதலில் ஆள் பார்ப்பார்கள், சுத்தியலை அப்புறம் தேடுவார்கள்.

நான் பால் சொசைட்டியில் பாலுக்குக் கொழுப்புப் பார்க்கிறவன். இருபத்திரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அணைக்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கரையில் கிடைப்பதெல்லாம் ஜிலேபி மீன், அதுவும் உள்ளங்கை அகலம். கட்லாக்கள் நடு அணையில் இருக்கின்றன. ஒருமுறை தூரத்தில் ஒன்றின் முதுகு புரண்டதைப் பார்த்தேன், எருமைக்கன்று குளிக்கிற மாதிரி இருந்தது. அன்று பிடித்தது படகு ஆசை. ஒளிக்க என்ன இருக்கிறது, தட்டில் சோறு இருக்கும்போதே கை நின்றுவிடுகிற அளவுக்கு ஆசை.

இந்தச் சித்திரையில் படகு கிடைத்தது. அணையில் பழைய படகுகளைக் கழித்துக்கட்டியபோது ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். அலுமினியம், பதினாலடி நீளம், மேலே நாலு வண்ணத்தில் உரிந்த பெயிண்ட். டிராக்டரில் கொண்டுவந்து கவிழ்த்ததும் எங்கள் வாசல் நிறைந்துவிட்டது. மறுநாள் காலையில் என் மனைவி மயிலாத்தாள் கோலப்பொடி டப்பாவோடு வந்தாள். அங்கும் இங்கும் இடம் தேடினாள். கடைசியில் படகின் அடிவயிற்றிலேயே ஒரு சிக்குக் கோலம் போட்டுவிட்டு உள்ளே போனாள். போகும்போது சொன்னாள்:

"ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாப்பனுங்க. அன்னிக்குள்ள இது தண்ணியில எறங்கலைன்னா எங்கண்ணனுக்குக் குடுத்துருவேன்."

அவள் அண்ணன் அர்த்தனாரிக்கு ஒன்பது எருமைகள். எங்கள் படகு அவற்றுக்குத் தண்ணீர்த் தொட்டியாக எடுப்பாக இருக்கும் என்பது அவர் எண்ணம். வாரத்துக்கு இரண்டு தடவை டேப்போடு வந்து படகை அளப்பார். போன தடவை அளந்ததேதான் இந்தத் தடவையும் இருக்கும். ஆனாலும் சரிபார்த்துக்கொள்வார்.

"மாப்ள, ஒம்போதும் ஒண்ணாத் தலைய வுட்டுக் குடிக்கலாமுங்க" என்பார். வஞ்சனை இல்லாத மனுஷர். எருமைகளை மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்க்கும்போது அவர் முகம் மலர்கிற மலர்ச்சியைப் பார்த்தால், கொடுத்துவிடலாமா என்று எனக்கே தோன்றும். அடுத்த நிமிஷம் கட்லாவின் முதுகு ஞாபகத்துக்கு வந்துவிடும்.

படகு அணையில் இறங்க வேண்டுமானால் அதற்கு எண் வாங்க வேண்டும். எண் கொடுப்பவர் ஆய்வாளர் பிலோமினா மேடம். அவர் ஒரு நாள் வந்து படகைச் சுற்றி நடந்தார். கையில் தடித்த விதிப்புத்தகம்.

"ஒடுக்கு இருக்கற படகுக்கு நம்பர் இல்லைங்க. அலை தட்டித் தட்டி ஒடுக்கைக் கழட்டிரும். கழண்டா அங்க இருக்கறதுலயே பெரிய சாமானுக்குப் போகும். அது மதகுக் கதவு. பக்கம் பதினேழு" என்றார். நியாயமாகத்தான் பட்டது. சாக்பீஸ் எடுத்து இருவருமாக எண்ணினோம். நாற்பத்தொன்று இருந்தது.

வைகாசி முழுக்க மற்ற வேலைகளை முடித்தேன். பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். படகை நிமிர்த்தி நான்கு கல்மேல் உட்காரவைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, எந்த ஆணியில் கசிகிறது என்று வெளியே படுத்துக்கொண்டு பார்த்தேன். பதினோரு ஆணி கசிந்தது. எல்லாவற்றையும் இறுக்கினேன். மக்கிப்போன பின்பலகையைக் கழற்றிவிட்டு வேப்பம்பலகை வைத்தேன். ஆனியில் ஒடுக்குகளுக்கு ஆள் தேடப் புறப்பட்டேன்.

எங்கள் ஊரில் ஒடுக்குக் கேட்டுப் போவதென்றால் வெற்றிலை, பாக்கு, பழத்தோடுதான் போக வேண்டும். வளர்மதி டீச்சர் இரண்டு எடுத்துக்கொண்டார். அவருடைய டிபன்பாக்ஸ் கையிலிருந்து வழுக்குகிறதாம், விரல் பதிய இடம் வேண்டுமாம். டீக்கடை ரங்கராஜ் பாய்லருக்கு மூன்று கேட்டார். "நம்ம கடை பாய்லர் ரொம்பப் புதுசாத் தெரியுதுங்க. டீ நல்லா இருக்காதுன்னு போயிடறாங்க" என்றார். தெருக்கோடியில் புதிதாகக் குடிவந்த தம்பதியர் ஏழு வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் எல்லாமே பளபளவென்று இருக்கிறதாம், பாத்திரக்கடையில் குடும்பம் நடத்துகிற மாதிரி இருக்கிறதாம். அவரவர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். நான் பின்னால் மணல் மூட்டையை முட்டுக்கொடுத்து, ரப்பர் சுத்தியலால் தட்டினேன். அவர்கள் "வரட்டும்" என்றார்கள். டொக்கென்று போய் உட்கார்ந்தது.

நடுவில் ஒரு தப்பு நடந்தது. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று மயிலாத்தாள் ஆளுக்கொரு தூக்குச்சட்டியில் பச்சைப்பயறுச் சுண்டல் கொடுத்தனுப்பினாள். தூக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது யாரும் காலியாகக் கொடுக்க மாட்டார்கள் அல்லவா? சிலர் முறுக்குப் போட்டுக் கொடுத்தார்கள், சிலர் முருங்கைக்கீரை. வீட்டில் எதுவும் இல்லாத ஆறு பேர் தங்களிடம் இருந்த பழைய ஒடுக்கில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். வாசலில் நின்று நீட்டும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மயிலாத்தாள் வாங்கிக்கொண்டாள். தூக்கு கோணலாக இருந்தால் அவளுக்குப் பிடிக்காது. ஆறையும் தட்டி எடுத்தாள். வீட்டில் இருப்பதிலேயே பெரிய சாமான் படகுதான். ஆறும் அதில் ஏறிக்கொண்டன. அதற்கப்புறம் சுண்டலை வாழையிலையில் மடித்துக் கொடுத்தோம்.

ஆடி பிறந்தபோது, அந்த ஆறும் உட்பட எல்லாம் போய், ஒன்றே ஒன்று பாக்கி. படகின் முன்பக்கம், இடது விலாவில், ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம் போன்ற ஒடுக்கு. எப்போதோ பாறையில் மோதியது. அதற்கு இடம் கொடுக்கிற அளவுக்குச் சாமான் யாரிடமும் இல்லை. மினி பஸ் டிரைவர் சம்மதித்தார். ஆனால் அந்தப் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் சம்மதிக்கவில்லை. பால் சொசைட்டியின் பெரிய டாங்க்குக்குக் கேட்டேன். தலைவர், தீர்மானம் போட்டுத்தான் தர முடியும், அடுத்த கூட்டம் ஆவணியில்தான் என்றார். சும்மா தட்டிப் பார்த்தேன். ஒடுக்கு படகைவிட்டுக் கிளம்பி, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, படகிலேயே வந்து உட்கார்ந்தது. நான்கு தடவை தட்டினேன், நான்கு தடவையும் அதே கதை.

ஆடிப் பதினேழு அன்று மத்தியானம் அர்த்தனாரி ஒன்பது எருமைகளையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவையும் ஒரு தடவை தொட்டியைப் பார்க்கட்டும் என்றார். எருமைகள் படகை மோந்து பார்த்தன. கடைசியாக வந்தது பின்பலகையை நக்கிவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டியது.

நான் அந்த ஒடுக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அழுகை வந்தது. ஐம்பத்து மூன்று வயது மனுஷன், எருமைகள் பார்த்துக்கொண்டிருக்க, தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மயிலாத்தாள் கதவோரம் வந்து நின்றாள்.

"எந்திரிங்க. சுத்தியல எடுங்க" என்றாள்.

அவள் உள்ளே போனாள். படுக்கையறை ஜன்னல் திறந்தது. அவள் உள்ளே பீரோவின்மேல் கை வைத்து நிற்பது தெரிந்தது. கதவில் கண்ணாடி வைத்த இரும்பு பீரோ, அவள் கல்யாணத்துக்கு அவள் அண்ணன் கொடுத்த சீர். இருபத்தாறு வருஷத்தில் அதில் நகக்கீறல்கூட விழ விட்டதில்லை. விருந்தாளிகள் அதன்மேல் சாய்ந்தால்கூட இருமுவாள்.

"மயிலா, நல்லா ரோசன பண்ணிக்க" என்றேன்.

"பண்ணியாச்சு. நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இன்னும் இருவது வருசம் என்ற முன்னால உக்காந்திருக்கறதுக்கு, பீரோ கோணிட்டுப் போவட்டும். தட்டுங்க."

தட்டினேன். "வரட்டும்" என்றாள். வீடே ஒரு தடவை ஏப்பம் விட்டது போலச் சத்தம். படகின் விலா நேராக நின்றது. அர்த்தனாரி டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டார். எருமைகளிடம் ஏதோ சொன்னார். அவை திரும்பி நடந்தன. நான் ஜன்னலுக்குப் போய்க் கம்பிக்குள் கையை விட்டு மயிலாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் பட்டப்பகலில் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

ஆடிப் பதினெட்டு. அணைக்கரை முழுக்கக் கட்டுச்சோற்று மூட்டைகளும் சனமும். படகைத் தள்ளி இறக்கினோம். அது தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நின்றது. பிலோமினா மேடம் குனிந்து, படகுக்கும் தண்ணீருக்கும் நடுவே கையை விட்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"ஒரு ஒடுக்குகூட இல்லைங்க. தண்ணிக்குப் பிடிக்கறதுக்குப் பிடிமானமே இல்லை. ஆனா படகுன்னா தண்ணியத் தொடணும். பக்கம் இருபத்தெட்டு. அஞ்சு மணிக்குள்ள தொட்டுச்சுன்னா நம்பர் தர்றேன்" என்றார்.

மணி மூன்றே கால். நான் உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்தேன். மயிலாத்தாளும் ஏறினாள். கட்டுச்சோற்று மூட்டையையும் ஏற்றினோம். படகு இறங்கவில்லை. காற்றுக்கு லேசாக ஆடிக்கொண்டு, அதே ஒரு சாணில் நின்றது. எருமைகளின் வரிசை எனக்கு மறுபடியும் கண்ணில் தெரிந்தது.

"ஏனுங் மேடம்" என்றாள் மயிலாத்தாள். "ஒடுக்கு படகுல இருக்கக் கூடாது. படகுல ஏத்தற சாமான்ல இருக்கலாமுங்களா?"

மேடம் பக்கம் பதினேழை மறுபடி படித்தார். அடுத்த பக்கத்தையும் படித்தார். "சாமானைப் பத்தி ஒண்ணும் சொல்லலைங்க" என்றார்.

அதைக் கேட்டதும் முதலில் கிளம்பியவர் கரையில் நின்றிருந்த அர்த்தனாரிதான். "நான் குடுத்த பீரோ, அதோட கனம் எனக்குத்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே டிராக்டரில் ஏறினார். நாலே முக்காலுக்கு அவரும் இன்னும் மூன்று பேரும் பீரோவைத் தோளில் சுமந்துகொண்டு கரையில் இறங்கினார்கள். படகின் நடுவில் நிற்கவைத்துக் கயிறு போட்டுக் கட்டினோம். படகு யோசித்தது. பிறகு மெதுவாக, வெந்நீர்த் தொட்டியில் கால் வைக்கிற மாதிரி, கீழே இறங்கித் தண்ணீரைத் தொட்டது. கரையில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். பிலோமினா மேடம் தன் கையாலேயே பெயிண்டில் எண் எழுதினார். அர்த்தனாரி இடுப்பளவு தண்ணீரில் நின்று எங்களைத் தள்ளிவிட்டார்.

"மாப்ள, பாத்துப் போங்க. தங்கச்சி, பீரோவப் புடிச்சுக்க!"

நான் துடுப்புப் போட்டேன். மயிலாத்தாள் பீரோவின் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பெரிய ஒடுக்கு அவள் முதுகுக்குச் சரியாக இருந்தது. வெயில் தணிந்திருந்தது. கரைச் சத்தம் குறைந்து குறைந்து நின்றது. நடு அணைக்கு வந்தோம். இருபத்திரண்டு வருஷமாகக் கரையிலிருந்து பார்த்த இடம் இதுதான். தூண்டிலை எடுத்து, புழு கோத்து, வீசினேன்.

யாரும் கடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அசைந்தது. கட்லா ஒன்று, எருமைக்கன்று அளவு, தூண்டிலைத் திரும்பியும் பார்க்காமல் அதைத் தாண்டி வந்து, பீரோக் கதவிலிருந்த கண்ணாடிக்கு எதிரே தலையைத் தூக்கி நின்றது. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டது, அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டது. அதன் பின்னால் இன்னொன்று வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து. முண்டியடிக்கவில்லை, வரிசையாக நின்றன. நான் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு, கண்ணாடி தெரிய வேண்டுமே என்று படகைக் கொஞ்சம் திருப்பினேன். மயிலாத்தாள் பீரோவைத் திறந்து, உள்ளிருந்து ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்து, பெரியதாகப் பார்த்து ஒன்றை உரித்து முதல் கட்லாவின் நெற்றியில் ஒட்டினாள்.

கட்லா கண்ணாடியில் பார்த்தது. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நேரா இருக்குதுங்களா?" என்று கேட்டது.

"சித்த இடது பக்கம் தள்ளியிருக்குது" என்றேன்.