விலகி நிற்கும் ஜோடி

நன்றியாம். நடுவழியில் நின்ற வண்டியைத் தள்ளிவிட்டவர்களுக்குச் சொல்வதுபோல நன்றி.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மறுமுனையில் மாமியார் பேசிக்கொண்டே இருந்தாள்.

"கட்டுரையோட கடைசியில உன்னையும் மறக்கலம்மா அவன். கணக்குல உதவி செஞ்ச என் மனைவிக்கு நன்றின்னு போட்டிருக்கானாம். சின்னவன்தான் இன்டர்நெட்ல பாத்துப் படிச்சுச் சொன்னான். எந்தப் புருஷன் இப்படியெல்லாம் போடுவான், சொல்லு?"

"யாரும் போட மாட்டாங்க அத்தை."

"வெளிச்சமே இல்லாத ரெண்டு நட்சத்திரத்தை எப்படித்தான் கண்டுபிடிச்சானோ! எதிர்ல இருக்கிற வண்டிச்சாவி கண்ணுக்குத் தெரியாது அவனுக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி வந்ததுதான் பிறகு வலித்தது.

அவளும் கணவனும் ஒரே வானியல் துறையில், ஒரே அறையில், எதிரெதிர் மேசைகளில் வேலை பார்ப்பவர்கள். துறைத் தலைவர் அவர்களுக்கு வைத்திருந்த பெயர் 'இரட்டையர்'. வானத்தில் அவர்கள் தேடுவதும் இரட்டையரைத்தான். தொலைவில் இருக்கும் ஒரு விண்மீனுக்கு முன்னால் மங்கலான ஏதோ ஒன்று கடந்துபோகும். அதன் ஈர்ப்பு ஒளியை வளைத்து லென்ஸ்போல வேலை செய்ய, பின்னால் இருக்கும் விண்மீன் கொஞ்ச நாள் பிரகாசமாகும். கடப்பது ஒற்றையாக இருந்தால் ஒளி சீராக ஏறி, சீராக இறங்கும். இந்த முறை அது திடீரென்று எகிறி விழுந்தது. கதை முடிந்தது, தொலைநோக்கியை வேறு பக்கம் திருப்பலாம் என்றார்கள் எல்லாரும்.

முடியவில்லை என்று முதலில் சொன்னவள் அவள்தான். அவனோடு சேர்ந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள். கடப்பது ஒரு ஜோடி. ஜோடியின் ஈர்ப்பு வானத்தில் ஒரு மூடிய எல்லைக்கோட்டைப் போடும். அந்தக் கோட்டுக்குள் நுழைந்த விண்மீன் வெளியே வந்தே ஆகவேண்டும். வரும்போது மறுபடி எகிறும். என்றைக்கு என்பதையும் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அவன் சோப்பு நுரைக் கைகளோடு அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டான். சொன்ன நாளில் எகிறியது.

அப்போதே அவள் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். அந்த ஜோடி ஒன்றையொன்று ஒட்டியே சுற்றலாம். வெகுதூரம் விலகியும் நிற்கலாம். ஒளியின் ஏற்ற இறக்கத்தை வரைந்தால் இரண்டுக்கும் ஒரே வளைகோடுதான் வரும். விடை தேடும் கணினி ப்ரோக்ராம் தண்ணீர் மாதிரி, ஊற்றிய பக்கத்துப் பள்ளத்தில் போய்த் தேங்கிவிடும். அவன் நெருக்கத்தின் பக்கம் மட்டுமே ஊற்றிப் பார்த்திருந்தான். அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். இரண்டு பள்ளமும் ஒரே ஆழம், இரண்டு விடையும் ஒரே அளவுக்குப் பொருந்தின.

"இப்ப யார்கிட்டயும் சொல்லாத. ரெண்டு பேருமா உக்காந்து எழுதுவோம்" என்றான்.

அவள் விலகிய ஜோடியைப் பற்றி எழுத ஆரம்பித்தாள். எதிர் மேசையில் அவன் ஒட்டிய ஜோடியை மட்டும் வைத்து, தன் பெயரை மட்டும் போட்டு எழுதி, ஆய்விதழுக்கு அனுப்பி, இன்டர்நெட்டிலும் போட்டிருக்கிறான். நடுநடுவே தலையைத் தூக்கி, "டீ வேணுமா?" என்று கேட்டதும் அதே நாட்களில்தான். அனுப்பியதைக்கூட ஏதோ ஒரு மூலையில் வைத்து மன்னித்துவிடலாம். அந்த டீயை எங்கே வைப்பது?

சாயங்காலம் அவன் வந்தான். ஷூவைக் கழற்றாமலே நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"அம்மா பேசினாங்களா?"

"பேசினாங்க. நன்றி கிடைச்சுது."

"ஏய், எடுத்த எடுப்புல கோபப்படாத. பதவி உயர்வுக்குத் தனிப் பேர்ல ஒண்ணு இருந்தா நல்லதுன்னு தலைவர் சொன்னார். ரெண்டு பேர் பேரும் இருந்தா யார் வேலைன்னு கேப்பாங்களாம்."

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

அவன் ஷூ நாடாவைப் பார்த்தான்.

"அத விடு. இப்ப ஒரு சிக்கல். கட்டுரையப் பரிசீலிக்கிற ஆள் கேட்டிருக்கார், விலகின ஜோடியாவும் இருக்கலாமே, பாத்தீங்களான்னு."

"பாத்தியா?"

"நீதான் பாத்தியே."

"நான் பாத்ததுல ரெண்டும் பொருந்துச்சு."

"உன் ப்ரோக்ராம் ரொம்ப நுணுக்கமா போகுது. நீ அதைக் கொஞ்சம் பெரிய பெரிய அடியா எடுத்து வைக்கச் சொன்னேன்னு வை, அந்தப் பக்கத்துப் பள்ளத்தைத் தாண்டிப் போயிடும். அப்புறம் ஒரே ஒரு வரி. சோதிச்சோம், பொருந்தலன்னு. உன் பேரையும் சேத்துடறேன். ரெண்டாவதா."

"பதவி உயர்வு?"

"சமாளிச்சுக்கலாம். இல்லாட்டி கட்டுரையே போயிடும்மா."

அவள் அவனைப் பார்த்தாள். களைத்த முகம். இதே முகம்தான் நுரைக்கு நடுவில் சிரித்தது. இத்தனை வருஷத்தையும் அவள் நெருக்கத்தின் பக்கமிருந்தே ஊற்றிப் பார்த்திருக்கிறாள். அதனால் எல்லாம் அங்கேயே போய்த் தேங்கியது. இப்போது மறுபக்கமிருந்து பார்க்கிறாள். அதே டீ, அதே சிரிப்பு, ஒன்றைக்கூடத் தள்ள வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அப்படியே பொருந்தின.

அவன் லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினான். "உன் ப்ரோக்ராம் உன் கைக்குத்தான் அடங்கும்."

அவள் மூடியை மெதுவாகச் சாய்த்து மூடினாள்.

"மாட்டேன்."

"அப்ப அந்த ஆளுக்கு நான் என்னதான் சொல்றது?"

"ரெண்டும் பொருந்துதுன்னு சொல்லு. எது உண்மைன்னு தெரியலன்னு சொல்லு. என் பேர் வேண்டாம். அந்த நன்றியையும் எடுத்துடு."

"அம்மா கேப்பாங்களே..."

"கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள். அவன் பின்னாலேயே வந்து துடைக்கும் துணியை எடுத்தான். அவள் அதை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.