அடுத்தவர் கூண்டில் ஆண் எலி

1

"ஆண் எலியைக் கொண்டுபோய்ப் பொண்ணோட கூண்டுல விடக் கூடாதும்மா. அடிப்படையே—"

"ஏன் விடக் கூடாது? என் கதை, என் எலி, நான் எங்க வேணா—"

"—தப்பு! பழகாத கூண்டுல விட்டா அது மூலை மூலையா மோந்துக்கிட்டுத் திரியும். பொண்ணத் திரும்பிக்கூடப் பாக்காது."

"அப்ப ஒரு ஊசியப் போடு. அதான் டோபமின்னு ஒண்ணு வச்சிருக்கியே!"

கத்தியது தாயும் மகளும். மகள் ஆய்வுக்கூடத்தில் ஆண் எலிகளின் இணைசேர்க்கையை ஆராய்கிறவள். தாய் கதை எழுதுகிறவள். இந்தக் கதை பிறந்தது இந்தச் சண்டையில்தான். ("நெடுநாள் நெஞ்சில் கனன்ற கரு" என்று எழுதிக்கொள்ளத்தான் ஆசை. எதுவும் கனலவில்லை. ஒரு பத்திரிகை காதல் கதை கேட்டது. மனிதர்களிடம் சரக்கு தீர்ந்துபோனதால் எலியிடம் கையேந்தினாள்.)

அவளுக்குக் கதை பேச்சாகத்தான் வரும். முகமில்லாத ஆட்கள் காதுக்குள் வந்து வம்பளப்பார்கள். எலி மட்டும் வாயே திறக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் அவன் காத்திருந்தான்—" அவனுக்கு வால் உண்டென்று யாருக்குத் தெரியும்? அடித்தாயிற்று.

இரண்டாவது: "டோபமின் என்பது மூளையில் சுரக்கும்—" பரீட்சைக்கா படிக்கப் போகிறார்கள்? அடித்தாயிற்று.

மூன்றாவது: "துளையிட்ட தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் வாசனை." இது நின்றது. பெண் எலி தடுப்புக்கு அப்பால் வந்தாலே ஆணின் மூளையில் டோபமின் ஏறத் தொடங்கிவிடுமாம், தொடக்கூட வேண்டாமாம். அதன் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால், பெண் பக்கத்திலேயே இருந்தாலும் நாட்டம் குறைந்துபோகுமாம்.

"அது சந்தோஷ மருந்து இல்லம்மா. 'போ, போய்ப் பாரு'ன்னு உள்ளேர்ந்து தள்ளிவிடுற ஆளு."

இந்த வரியைத் தாய் அங்கேயே திருடிக்கொண்டாள்.*

* மகளுக்கும் தெரியும். எழுதுகிறவர்கள் வீட்டில் வாயைத் திறப்பவர்கள் நஷ்டத்துக்குத் தயாராகத்தான் திறக்கிறார்கள்.

3

அடுத்து, பாத்திரப் படைப்பு. "அவன் கூச்ச சுபாவி. சுவரை ஒட்டியே நடப்பான். சத்தம் வராமல் மெல்லுவான். யாராவது இருமினால் அப்படியே உறைந்துவிடுவான்."

மகள் படித்தாள். முகம் சிவந்தது.

"இது எலியா, என் புருஷனா?"

"சேச்சே! வால் இருக்கு பாரு, அஞ்சாவது வரியில."

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். வெளியே, பத்தாவது மாடியில் தொங்கிக்கொண்டு தரைத்தளத்துக்குக் கேட்கக் கத்துகிற மனிதர். கல்யாணமான நாளிலிருந்து மாமியார் வீட்டில் வாசம். இங்கே டம்ளரைக்கூட இரண்டு கையால் மேசையில் வைப்பார். இளையவர்களின் அறைக்கும் எழுதும் அறைக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. கதாசிரியையோ வசனத்தை வாய்விட்டுப் பேசிப் பார்த்து எழுதுகிறவள். எந்த நேரத்தில் எந்தக் காதலன் தடுப்புக்கு இந்தப் பக்கம் கதறுவான் என்று சொல்ல முடியாது.

"நாங்க சிரிக்கணும்னாக்கூடத் தலகாணியால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறோம்மா."

"நான் என்ன ஒட்டுக்கேக்கறேனா? என் வசனமே என் காத அடைக்குது."

"எங்களுக்கும் அதேதான் அடைக்குது."

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"வீடு ஒண்ணு பாத்திருக்கோம். சின்னதுதான். நீ சரின்னு சொன்னாத்தான் போறதுன்னு அவரு ஒத்தக் கால்ல நிக்கறாரு."

தாய் ஒரு முற்றுப்புள்ளியைத் திருத்தினாள். பேச்சே இல்லாத வீட்டில் அவளுக்கு எங்கிருந்து கதை வரும்? (கவலை கதையைப் பற்றித்தான் என்று எழுதியிருக்கிறது. நம்பிவிடாதீர்கள்.)

4

முடிவு ஒன்று: டோபமினைத் தூண்டும் மருந்து ஏறுகிறது. எலி அதே கூண்டிலேயே வீறுகொண்டு எழுகிறது. யாரும் எங்கும் போக வேண்டாம்.

ஓரத்தில் மகளின் பென்சில்: "மந்தமான எலிக்கு அது உதவும்தான். இது மந்தமான எலி இல்லம்மா. விருந்தாளி எலி."

முடிவு இரண்டு: நாளடைவில் கூண்டு பழகிவிடுகிறது.

பென்சில்: "மூணு வருஷம் ஆச்சு."

முடிவு மூன்று: முதிய பெண் எலி கண்ணீர் மல்க வாசல்வரை வந்து வழியனுப்பி— ஐயோ, வேண்டாம். எலிக்கு எதற்குக் கண்ணீர்? அந்த முதிய எலி கதைக்குள் எப்போது நுழைந்தது? யார் கேட்டார்கள் அதை?

முடிவு நான்கு: (காலி. வாசகரே, பேனா மேசைமேல் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: அவர்களை அனுப்பிவைத்தால் பெருந்தன்மை என்று எழுதாதீர்கள், நிறுத்திவைத்தால் பாசம் என்று எழுதாதீர்கள். இரண்டையும் அவளே எழுதிப் பார்த்துவிட்டாள். இரண்டிலும் அவள்தான் கதாநாயகி.)

5

மாப்பிள்ளை உள்ளே வந்தார். வழக்கமாக நிலைப்படியோடு நின்றுகொள்கிறவர், இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாற்காலிக் கால் தரையில் கிறீச்சிட்டது, மன்னிப்பும் கேட்கவில்லை. அச்சிட்ட தாள்கள் அவர் கையில். எல்லாவற்றையும் படித்திருந்தார், வாலையும் சேர்த்து.

"நீங்களும் ஒரு முடிவு சொல்லுங்க மாப்பிள்ளை. அஞ்சாவதா போட்டுடறேன்" என்றாள் அவள். ஐந்தாம் பகுதிக்கு நல்ல வேடிக்கையான வரி ஒன்று கிடைத்துவிடும் என்ற ஆசையில், பேனாவையும் திறந்துகொண்டாள்.

அவர் எட்டி மூடியை எடுத்து அந்தப் பேனாவை மெதுவாக மூடினார். மூடிவிட்டுப் பேசிய குரல், தரைத்தளம்வரை கேட்கிற குரல்.

"எழுத வேணாம் அத்தை. வாயால சொல்லுங்க. நாங்க போகட்டுமா?"