நீல ஸ்டூலுக்கு ஒரு சிவப்பு அட்டை

1

இந்தக் கதை என் மூளையில் தானாக உதித்தது என்று சொல்ல ஆசைதான். உண்மை வேறு. போன மாதம் சிம்பாங் ரெங்கத்தில் ஒரு வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனேன். அடுப்படிப் பின்வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் கண்ணில் பட்டது. உட்காரும் இடத்தில் விரிசல். ரஃபியா கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதன் காலில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. என்னவென்று வீட்டம்மாவிடம் கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை. அவர் சொல்லாததையெல்லாம் நான் இட்டுக்கட்டியிருக்கிறேன். அந்த வீட்டார் படித்தால் மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் கதை நிற்கும்.

2

முதல் தொடக்கம்: “புதன்கிழமை விடியலில் ரப்பர் மரங்களுக்கிடையே பனி—”

வேண்டாம். புதன்கிழமை விடியலில் அந்த வீட்டில் வாஷிங் மெஷின்தான் ஓடும்.

இரண்டாம் தொடக்கம்: “முப்பத்திரண்டு வருடங்களாகத் தன் கணவனுக்காகவே யோகேஸ்வரி—”

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கினால் அடுத்த வரியில் அவள் அழ வேண்டியிருக்கும். யோகேஸ்வரி அழுகிற ஆள் இல்லை.

மூன்றாவது: கனகராஜ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே, அவர் மனைவி யோகேஸ்வரியின் அடுப்படியில் ஃபைவ் எஸ் தொடங்கியது.

இது சரி. இதை வைத்துக்கொள்கிறேன்.

* தொழிற்சாலைப் பக்கம் போகாதவர்களுக்கு: ஃபைவ் எஸ் என்பது ஜப்பானியர்களிடமிருந்து வந்த ஒழுங்குமுறை. ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இடம்; அந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் டேப். யாரும் பயன்படுத்தாத சாமானுக்குச் சிவப்பு அட்டை. அது ஏன் வேண்டும் என்று ஏழு நாளைக்குள் யாராவது அட்டையில் காரணம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் குப்பைக்குப் போகும்.

3

கனகராஜ் கூலாயில் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்தவர். கெட்டவர் இல்லை. (கெட்டவராக்கிப் பார்த்தேன். கதை சுலபமாகிவிட்டது, எனக்குப் பிடிக்கவில்லை.) கை சும்மா இருந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான். முதலில் சீனி டப்பாவில் ‘குலா’ என்றும் உப்பு டப்பாவில் ‘காராம்’ என்றும் மலாயில் சீட்டு ஒட்டினார்.

“தொறந்து பாத்தா உப்புன்னு தெரியாதாங்க?”

“தொறக்காமலே தெரியணும் லா. அதான் சிஸ்டம்.”

அடுத்து அரிசி வாளியைச் சுற்றி மஞ்சள் டேப். யோகேஸ்வரி விட்டுக்கொடுத்தாள். சொல்லப்போனால் எல்லாம் தேடாமல் கையில் கிடைப்பது நன்றாகவே இருந்தது. ஆனால் போன புதன்கிழமை அவர் நீல ஸ்டூலில் சிவப்பு அட்டையைக் கட்டினார்.

“எட்டு வாரமா பாக்குறேன். இதுல ஒருத்தரும் உக்காரல.”

உண்மைதான். எட்டு வாரமாக அவர் வீட்டிலேயே இருக்கிறார். அதனால்தான் யாரும் உட்காரவில்லை.

4

அதற்கு முன்பு இப்படி: விடிவதற்குள் தொழிற்சாலை பஸ் கனகராஜை ஏற்றிக்கொண்டு போய்விடும். பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில். துணி காயப்போட்டு, மீன் வேன் வந்து போன பிறகு, பத்து மணிக்கு யோகேஸ்வரி ஒரு கோப்பை தே ஓ, பால் விடாத தேநீர், கலந்துகொண்டு அந்த ஸ்டூலில் வந்து உட்காருவாள். எதிரே பின்சந்து, அதற்கப்பால் அடுத்த வரிசை வீட்டின் சுவர். (இங்கே ஒரு குயிலை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். சுவர் போதும்.) கைப்பேசி உள்ளேயே கிடக்கும். முக்கால் மணி நேரம் அவளை யாரும் எதற்கும் கூப்பிடமாட்டார்கள். அப்போது அவள் என்ன நினைப்பாள் என்று எழுத நான்கு முறை முயன்றேன். அவள் ஒன்றுமே நினைப்பதில்லை. அவளுக்கு அதில்தான் அவ்வளவு சந்தோஷம்.

அட்டையில் ‘காரணம்’ என்ற சொல்லுக்குக் கீழே மூன்று கோடுகள். ஏழு நாளும் பேனாவை எடுத்தாள், வைத்தாள். ‘உட்கார’ என்று எழுதினால், சோபா இருக்கிறதே என்பார். உண்மையை எழுதினால், ‘நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் எனக்குப் பிடிக்கும்’ என்று எழுத வேண்டும். இத்தனை வருடம் வீட்டுக்காக ஓடிய மனுஷனிடம் இதை எந்த வாயால் சொல்வது?

வேறு ஸ்டூல் வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். வாங்கலாம். அதில் எப்போது உட்காருவது?

5

இன்று புதன். பழைய சாமான் எடுக்கும் லாரி பத்து மணிக்கு மேல் வரும்.

முடிவு ஒன்று: யோகேஸ்வரி அட்டையை அவிழ்த்து, கனகராஜின் சட்டைப் பொத்தானில் கட்டுகிறாள். (உங்களுக்குப் பிடிக்கும், தெரியும். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் செய்யமாட்டாள்.)

முடிவு இரண்டு: பக்கத்து வீட்டுப் பிரேமலா அந்த ஸ்டூலைக் கேட்டு வாங்கிக்கொள்ள, யோகேஸ்வரி தினமும் அங்கே போய்—

இல்லை. பிரேமலா இருக்கும் இடத்தில் பேச்சு ஓயாது.

முடிவு மூன்று. தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்டது.

“அலமாக், வந்துட்டான்,” என்று கனகராஜ் பின்வாசலுக்கு விரைந்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். மூன்று கோடுகளும் காலி. ஸ்டூலைத் தூக்கினார்.

“வைங்க,” என்றாள் யோகேஸ்வரி.

“ஏன்?”

“எனக்கு வேணும்.”

“காரணம் எழுதலையே லா.”

“எழுத வரல. சொல்றேன்.” குழாயை மூடிவிட்டு அவரைப் பார்த்தாள். “நீங்க வேலைக்குப் போனப்புறம் தெனமும் இதுலதான் உக்காருவேன். தனியா. அது எனக்குப் புடிக்கும். நீங்க வீட்டுல இருக்க ஆரம்பிச்சதுலேருந்து உக்காரல.”

“நான் இருந்தா என்ன? உக்கார வேண்டியதுதானே. நான் ஒண்ணும் சொல்லலையே.”

“சொல்லமாட்டீங்க. ஒடம்பு சரியில்லையான்னு கேப்பீங்க.”

கேட்பார்தான். அது அவருக்கே தெரியும். தெரிந்ததால் இன்னும் வலித்தது. இதை நான் பூசி மெழுக விரும்பவில்லை: அவருக்கு நன்றாகவே வலித்தது. வாசலில் லாரி நின்று ஹார்ன் அடித்தது. ஸ்டூல் அவர் கையிலேயே இருந்தது.

6

காரணம் சொல்லப்பட்ட சாமானை அவர் ஒருநாளும் தூக்கிப் போட்டதில்லை. ஸ்டூலைக் கீழே வைத்தார். உள்ளே போய் மஞ்சள் டேப்பை எடுத்துவந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான்கு கால்களைச் சுற்றியும் தரையில் மூலை மூலையாக ஒட்டினார். ஒரு மூலை கோணலாகிவிட்டது. பிய்த்து மறுபடி ஒட்டினார். சிவப்பு அட்டையை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குள் லாரி போய்விட்டது.

மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார்.

“ஆயர் ஈத்தாம் வரைக்கும் போய்ட்டு வரேன்.”

“அங்க என்ன வேலை?”

“ஒண்ணும் இல்ல.” ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வாசற்படியில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். “எத்தன மணிக்கு வரணும்?”

யோகேஸ்வரி ஒரு நேரத்தைச் சொன்னாள். நான் முதலில் ‘பதினொன்றரை’ என்று எழுதினேன். அது அவர்மேல் பாவம் பார்த்துச் சொன்ன நேரம், அடித்தேன். ‘பன்னிரண்டு’ என்று எழுதினேன். அது சமையலுக்குப் பயந்து சொன்ன நேரம், அதையும் அடித்தேன். மூன்றாவதாக ஒன்றை எழுதப் போகும்போது, என் வீட்டு வாசலில் கார் வந்து நிற்கிறது. எல்லாரும் வெளியே போயிருந்த இந்தப் புதன்கிழமைக் காலையில்தான் நான் இவ்வளவையும் எழுதினேன்.

ஆகவே நேரத்தை நீங்களே போடுங்கள். யார் முகத்தையும் பார்க்காமல் போடுங்கள்.

“............ மணிக்கு வாங்க.”