ஒப்பீட்டுக்குக் கொடுத்த ரத்தம்

முப்பத்தொரு மணி நேரமாக அவள் அக்காவுக்குப் போன் செய்யவில்லை.

பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் அவளுக்குப் பல வருடமாக ஒரே வேலைதான். கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஒரு புரதத்தை அளந்து, நஞ்சுக்கொடி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது. நோயாளிகளின் ரத்தம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க நலமான கர்ப்பிணிகள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. கடைசியில் ஓர் ஆள் குறைந்தபோது அக்காவைக் கூட்டிவந்து நர்ஸிடம் கையை நீட்டச் சொன்னாள். ஏழாம் மாதம். மசக்கைகூட இல்லாமல் வளையவந்தவள். அவளைவிட நலமானவளை எங்கே தேடுவது?

நேற்றுக் காலை, ரத்த மாதிரிகளை விட்டிருந்த தட்டின் குழிகளில் நிறம் ஏறியது. மஞ்சள் அடர்ந்தால் ஆபத்து. நோயாளிகளின் குழிகளைவிட அக்காவின் குழி அடர்ந்திருந்தது. குழாய் மாறியிருக்கும் என்று மறுபடி செய்தாள். மஞ்சள் அப்படியே வந்தது.

"இது ஒண்ணுதான் துருத்திக்கிட்டு நிக்குது மேடம். கணக்குலேருந்து தூக்கிடலாமா?" என்றாள் ஆய்வு மாணவி.

"இருக்கட்டும்."

இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே இருக்கும் பரிசோதனை. சில சமயம் தப்பாகவும் காட்டும் என்று கட்டுரையில் அவளே எழுதியிருக்கிறாள். அக்காவோ பல வருடம் காத்திருந்து உண்டானவள். சொல்லிவிட்டு, ஒன்றுமில்லை என்றாகிவிட்டால்? சொல்லாமலிருந்து ஏதாவது ஆகிவிட்டால்? இன்று மாலை கால் தானாக அக்கா வீட்டுக்கு நடந்தது.

கதவைத் திறந்தது அத்தான். "வாங்க, காய்ச்சலுக்கு மாத்திரை எழுதத் தெரியாத டாக்டரே."

அக்கா சோபாவில் சாய்ந்து கால்களை ஸ்டூலில் நீட்டியிருந்தாள். "என்னடி, ரத்தத்த உறிஞ்சிட்டு ஆளையே காணோம்?"

"வேலைக்கா."

"என்னைப் பாக்க வந்தியா, என் காலைப் பாக்க வந்தியா? செருப்பே சேரலடி. உங்க அத்தான் செருப்பதான் மாட்டிக்கிட்டுத் திரியறேன்."

"மாசமா இருந்தா வீங்கத்தான் செய்யும்னு எங்கம்மா சொன்னாங்க" என்றார் அத்தான்.

அவள் ஸ்டூலருகே உட்கார்ந்து கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. இதுவரை இதைப் படங்களில்தான் பார்த்திருக்கிறாள்.

"தலைவலி இருக்காக்கா?"

"நேத்துலேருந்து விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. கண்ணுலகூட பூச்சி பறக்குது. வெயில்ல போனதுதான்."

கட்டுரையில் அவள் வரிசையாக எழுதியிருந்த அறிகுறிகள் இவைதான். நேற்றே வந்திருக்க வேண்டும்.

"அத்தான், வண்டிய எடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அத்தான் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். சாவியைத் தேடி அலமாரிப் பக்கம் போனார்.

"எதுக்குடி?" அக்காவின் கை வயிற்றுக்குப் போனது. "சொல்லிட்டு எழுந்திரு. எதுக்கு?"

"உன் ரத்தத்த ரெண்டு தடவை பாத்துட்டேன்க்கா" என்றாள் அவள். "நஞ்சுக்கொடி கெட்டுக்கிட்டு வருது."